எது நகரும் என்று கேட்டவர்

என் நாட்குறிப்புகளில் அந்த அக்காவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. இளம் வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதி வருகிறேன். மழை பெய்த நேரம், புதுச் செருப்பு கடித்த இடம், சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் நான் வேலை பார்த்த கப்பல் அலுவலகத்தில் மின்விசிறி நின்றுபோன நாள், எல்லாம் அவற்றில் இருக்கின்றன. அக்காவைப் பற்றிய குறிப்புகள் மட்டும் அறுபத்து மூன்று. எண்ணிப் பார்த்துவிட்டேன். அத்தனையிலும் 'அரைக்கிற அக்கா' என்றுதான் எழுதியிருக்கிறேன். கம்போங் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள். அவருக்கு வேறு பெயர் இருக்கும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. இது என் குறை. இனிக் கேட்கவும் வழியில்லை.

குள்ளமானவர். வலது கை இடது கையைவிடப் பருமனாக இருக்கும். ரவிக்கையின் வலது பக்கத்தை மட்டும் தையல் பிரித்துத் தளர்த்தி வைத்திருப்பார். மூக்கு அரித்தால் தோளில் தேய்த்துக்கொள்வாரே தவிர, விரலை முகத்தருகே கொண்டுபோக மாட்டார். இருபது வருடம் மிளகாய் அரைத்த விரல்கள் அவை. சோற்றைக்கூடக் கரண்டியால்தான் சாப்பிடுவார். "என் கை எனக்கே ஆகாது தம்பி. ஊருக்குத்தான் ஆகும்" என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தேக்கா சந்தையில் மீன் வாங்கும் பெண்கள் பக்கத்துக் கடையில் மசாலாவையும் வாழையிலையில் மடித்து வாங்கிப் போவார்கள். அந்த மசாலாவில் பாதி அக்கா அரைத்தது. அவர் வேலை விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கும். கணவர் ஒரு கிடங்கில் ஜாகா; இரவெல்லாம் காவல் காத்துவிட்டுக் காலையில் வருவார், மசாலா டின்களைச் சைக்கிளில் கட்டித் தேக்காவில் இறக்கிவிட்டு வந்து படுப்பார். பிறகு சாயங்காலம்வரை அவரை எழுப்ப முடியாது.

சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே இறங்கி, வாய்க்காலின் மேல் போட்டிருந்த இரண்டு பலகைகளைத் தாண்டினால் எங்கள் கம்போங். முப்பத்தொரு வீடுகள். வாய்க்காலை ஒட்டிய முதல் வீடு அக்காவுடையது. வீட்டுக்குப் பக்கத்தில் சாக்கும் கழியும் கொண்டு கட்டிய கொட்டகை. அதற்குள், தரையில் முக்கால் பங்கு புதைந்து கிடந்தது அவருடைய அம்மி. அவ்வளவு பெரிய அம்மியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கம்போங் உருவாவதற்கு முன்பே அது அங்கே இருந்ததாகச் சிலர் சொல்வார்கள். அது பொய். அக்காவின் கணவர் கல்யாணமான வருடம் கொண்டுவந்து இறக்கியது.

அந்தக் கல்லிடமிருந்துதான் அக்கா தன் ஒரே கேள்வியைக் கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன். யார் சண்டை போட்டாலும், எந்தக் காரியம் முட்டிக்கொண்டு நின்றாலும், யார் பக்கம் நியாயம் என்று அவர் கேட்டதே கிடையாது. "இதுல எது நகரும்?" என்று மட்டும் கேட்பார்.

"அம்மியப் பாருங்க. கீழ இருக்கற கல்லு நகராது. குழவி நகரும். ரெண்டும் நகர்ந்தா அரையாது, ரெண்டும் நின்னாலும் அரையாது. எது நகரும்னு தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் எதுக்குக் கத்துறீங்க?"

கம்போங்குக்குப் பொதுவாக ஒரே தண்ணீர்க் குழாய். அது ஒரு வீட்டின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வரிசையில் வைத்த வாளிகளை அந்த வீட்டுப் பெண் காலால் தள்ளுவாள். வாளிக்காரிகள் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். இது இரண்டு வருடம் நடந்தது. ஒரு நாள் அக்கா வந்து நின்று பார்த்தார். "பைப்பு நகராது. நீங்களும் நகர மாட்டீங்க. தண்ணி நகரும்லா?" என்றார். பழைய சைக்கிள் டியூப்கள் மூன்றை ஒட்டிக் குழாயில் மாட்டினார். தண்ணீர் பன்னிரண்டடி தள்ளிப் பப்பாளி மரத்தடியில் விழுந்தது. வரிசையும் அங்கே போயிற்று. சண்டைக்கு இடமில்லாமல் போனதில் இரு தரப்புக்கும் கொஞ்ச நாள் வருத்தம்.

இந்தக் கேள்வி எல்லா நேரமும் இனிக்காது. நானும் என் அண்ணனும் நான்கு வருடம் பேசாமல் இருந்தோம். காரணம் எழுதத் தக்கதல்ல. அக்கா என்னிடம் அதே கேள்வியைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. பதினொரு நாள் அவரோடு பேசவில்லை. நாட்குறிப்பில் பதினொரு நாளும் குறித்திருக்கிறேன். பன்னிரண்டாவது நாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் நகர மாட்டார் என்று எனக்கு முன்பே தெரியும்.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தெருவிளக்கு எரியும், கடைகளில் ரேடியோ பாடும். எங்கள் பக்கம் மண்ணெண்ணெய் விளக்குதான். இடையில் இருந்தது இரண்டு பலகை தூரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டில் தானாக நகரும் பொருள் எது என்று பட்டியல் போட உட்கார்ந்தேன். தண்ணீர் கையால் வந்தது, விசிறி கையால் அசைந்தது, மாவு கையால் ஆனது. கடிகாரம் மட்டுமே தானாக நகர்ந்தது. அதற்கும் நான்தான் சாவி கொடுக்க வேண்டும். ஆதிகாலம் முதல் அன்றுவரை மனிதக் கையைக் கொண்டுதான் நாகரிகம் முழுவதும் ஓடியிருக்கிறது என்று அன்றைய குறிப்பில் எழுதினேன். கொஞ்சம் பெரிய வாக்கியம்தான். ஆனால் தவறில்லை.

அப்படி ஓடிய கைகளில் ஒன்று அந்த வருடம் நிற்கப் பார்த்தது. அக்காவுக்கு வலது தோளில் வலி. மாராப்பைக்கூட இடது கையால் சரிசெய்யத் தொடங்கினார். இதே வேலை செய்தால் இன்னும் ஒரு வருடம்தான் அந்தத் தோள் தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் ஒரு கைவண்டியில், மோட்டாரும் பெல்ட்டும் உள்ள சின்ன அரைவை மெஷின் ஒன்று வந்து இறங்கியது.

கம்போங்கே சிரித்தது. எங்களூர் மேஸ்திரி, துறைமுகத்தில் ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்றவர், சத்தமாகவே கேட்டார்.

"என்னக்கா, கரண்டு இல்லாத ஊருக்கு மெஷினா? மாப்பிள்ளை பாக்காமலே மண்டபம் புடிச்ச கதையா இருக்கே."

"மண்டபம் ரெடின்னா மாப்பிள்ளை வந்துதானே ஆவணும்?" என்று சொல்லி அக்கா மெஷினுக்குச் சாக்கைப் போர்த்தினார். அது வீட்டு மூலையில் எட்டு மாதம் சாக்குப் போர்த்தியே நின்றது.

மின்சாரம் கேட்டு மனுக் கொடுக்க ஒரு கமிட்டி இருந்தது. மேஸ்திரி தலைவர். எழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் நான் செயலாளர். கூட்டம் 'நானா' என்று எல்லோரும் அழைத்தவரின் மளிகைக் கடை வாசலில் நடக்கும். மேஸ்திரி பத்திரிகை படித்து உலகச் செய்தி சொல்வார். "அணுவை உடைச்சு ஊருக்கே வெளிச்சம் குடுக்கப் போறானாம். அடுத்து நிலாவுக்குப் போறானாம்."

"போகட்டும்" என்றார் அக்கா. "போற வழியில இந்த வாய்க்காலைத் தாண்டிட்டுப் போகச் சொல்லுங்க."

கடைசியில் மனு பலித்தது. ஓர் ஓவர்சியர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைத் தொப்பி, கால்சட்டைப் பையில் நான்கு பென்சில்கள். வீடுகளின் வரைபடம் ஒன்று வரைந்து தரும்படி கேட்டார். எனக்கு அதைவிடப் பிடித்த வேலை உலகில் இல்லை. ஆறு நாள் நாடா வைத்து அளந்தேன். முப்பத்தொரு வீடு, ஒவ்வொன்றுக்கும் கதவைச் சிவப்பு மையில் குறித்தேன். ஓவர்சியர் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு துப்புரவாய் ஒருத்தரும் தந்ததில்லை" என்றார். அந்தப் பாராட்டையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

அடுத்த வாரம் ஆட்கள் வந்து, மின்கம்பம் நட வேண்டிய பதினான்கு இடங்களில் வெள்ளை முளை அடித்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே கூச்சல் கிளம்பியது. ஒன்பது முளைகள் ஒன்பது வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருந்தன.

தவறு என்னுடையது. எங்கள் வீடுகளில் பாதையைப் பார்த்த முன்கதவை யாரும் திறப்பதில்லை. முன்னறையில் சாமி படம் இருக்கும், கட்டில் இருக்கும், கதவை ஒட்டிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். கல்யாணம், சாவு, தீபாவளி, இந்த மூன்றுக்குத்தான் அது திறக்கும். மற்ற நாளெல்லாம் பக்கவாட்டில் உள்ள அடுப்படிக் கதவில்தான் போக்குவரத்து. நான் கண்ணால் கண்டதை மட்டும் குறிப்பவன். ஆட்கள் எந்தக் கதவால் போய் வந்தார்களோ அதைக் குறித்தேன். முன்கதவு இருந்த இடங்களெல்லாம் என் வரைபடத்தில் வெறும் சுவர். ஓவர்சியர் என் சிவப்பு மையை நம்பி, வெறும் சுவர் பார்த்து முளை அடித்துவிட்டார்.

வாசலுக்கு நேரே தூண் நின்றால் வீடு விளங்காது என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். சீனக் குடும்பங்களும் அதையே சொன்னார்கள். அவர்கள் வீட்டில் சாமி மேடை முன்கதவைப் பார்த்து இருக்கும். கம்போங்கில் தமிழரும் சீனரும் ஒரே குரலாக நின்றது அதுதான் முதல் தடவை, அதுவும் வெளிச்சம் வேண்டாம் என்பதற்காக.

ஓவர்சியர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். "வயர் அத்தாப்பு ஓலைக் கூரைக்கு மேலால போக ஏலாது, நெருப்புப் பிடிச்சிடும். பாதையோடதான் போகோணும். இந்த இடத்தை விட்டா எனக்கு வேற இடமில்லை. வாசலுக்கு நேரே வேண்டாம் எண்டு எல்லாரும் நிண்டா, லைனை நான் ஆகாயத்திலையோ கட்டுறது?" என்றார். சனிக்கிழமை காலை வரை தவணை. ஒரு வீடு மறுத்தாலும் கம்பங்கள் வேறு ஊருக்குப் போய்விடும். பிறகு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

அவர் போனதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அளந்தாரு பாருங்க, ஆறு நாளு" என்றார் மேஸ்திரி. "என் வீட்டுக்கு முன்கதவே இல்லைன்னு கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்துட்டாரு. ரெண்டு மாசத்துல மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சுவத்தை உடைச்சுக்கிட்டா வருவான்?"

அக்கா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். மூக்கைத் தோளில் தேய்த்துக்கொண்டார். "இதுல எது நகரும்?" என்றார்.

"போஸ்டு நகராதுன்னு அவரே சொல்லிட்டுப் போறாரு."

"சரி. ரோடு நகராது. கூரையும் நகராது. கதவு?"

மேஸ்திரி தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கதவு எப்படிக்கா நகரும்?" என்றார் மேஸ்திரி.

"பலகை வீடுதானே மேஸ்திரி, கோயில் கோபுரமா? நாலு பலகையைக் கழட்டி இந்தாண்ட அடிச்சுட்டு, கதவை அந்தாண்ட வச்சா ஆச்சு." அவர் திரும்பி, சீனத் தச்சரிடம் மலாயில் கேட்டார். தச்சரை நாங்கள் ஆ பெக் என்போம். அவர் வாயிலிருந்த சுருட்டை எடுத்தார். "போலே லா" என்றார். ஆகும் என்று அர்த்தம். ஒரு கதவுக்கு அரை நாள் என்று விரலை மடக்கிக் காட்டினார்.

ஆனால் யார் முதலில்? அதற்கு ஆள் வரவில்லை. அக்கா, "நாளைக் காலைல என் வீட்டுலேருந்து ஆரம்பி" என்றார். அவர் வீட்டில் முன்கதவே புழக்கத்தில் இருந்ததால், அவர் வாசலுக்கு எதிரே முளையே இல்லை. இருந்தாலும் ஆரம்பித்தார்கள். திங்கள் நண்பகலுக்குள் கதவு நான்கடி நகர்ந்துவிட்டது. ஊரே வந்து பார்த்தது. அத்தனை சுத்தியல் சத்தத்திலும் உள்ளே அவர் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பியவர், பழக்கப்படி நடந்து பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

"ஏ புள்ள, கதவை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்!"

"இந்தாண்ட வாங்க, இங்கதான் இருக்கு" என்று வெளியிலிருந்து அக்கா சொன்னார். எங்கள் பக்கம் திரும்பி, "ராத்திரி முழுக்க ஊரான் கிடங்கைக் காக்குறாரு. பகல்ல சொந்தக் கதவு போனது தெரியல" என்றார்.

சிரித்த சிரிப்பில் ஏதோ தளர்ந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் எட்டு வீடுகள் ஒத்துக்கொண்டன. வியாழக்கிழமை மேஸ்திரி ஒருவர்தான் பாக்கி. அவருடையது தேக்குக் கதவு, பித்தளைக் குமிழ் வைத்தது. அக்கா ஆ பெக்கையும் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

"மேஸ்திரி, இந்தக் கதவைக் கடைசியா எப்ப தொறந்தீங்க?"

"என்ன கேள்விக்கா இது? போன தீபாவளிக்கு."

"அதுக்கு முந்தின தீபாவளிக்கு" என்று உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"ஒரு தரம் தொறந்து காட்டுங்க. மாப்பிள்ளைக்குத் தொறக்க வேண்டிய கதவாச்சே."

கட்டிலை நகர்த்தினோம். நான்கு டிரங்குப் பெட்டிகள், ஒரு தையல் மெஷின், ஒரு மூட்டை அரிசி. கதவு ஊறிப்போய் அசையவில்லை. ஆ பெக் வெளியே போய்த் தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். கதவு திறக்கவில்லை. சட்டத்தோடு பெயர்ந்து உள்ளே சாய்ந்தது. கதவு தேக்கு, சட்டம் முழுவதையும் கரையான் தின்றிருந்தது. மேஸ்திரி பாதையையும் முளையையும் நேராகப் பார்த்தபடி நின்றார்.

"நான் கேக்கறதுக்கு முன்னாடியே நகர்ந்துடுச்சு" என்றார் அக்கா.

கரையான் மண்ணைக் காலால் தள்ளிவிட்டு மேஸ்திரி, "மூணு அடி. அதுக்கு மேல கூடாது" என்றார்.

நாடா என் கையில் இருந்தது. "மூன்றேகால் வேண்டும்" என்றேன்.

"இவரு ஒருத்தரு. சரி, மூணேகால். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எது வாசல்னு தெரியாம முழிக்கப் போறாங்க."

"வெளிச்சம் இருக்கற வாசலுக்கு வருவாங்க மேஸ்திரி."

வெள்ளிக்கிழமை மாலைக்குள் பத்துக் கதவுகளும் இடம் மாறிவிட்டன.

சனிக்கிழமை ஓவர்சியர் கடைசி முளையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பதின்மூன்று இடங்களில் தலையாட்டினார். முதல் கம்பத்தின் முளை அக்காவின் கொட்டகையை ஒட்டி இருந்தது. சாக்கும் கழியும்தானே, ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். ஓவர்சியரின் ஆள் கடப்பாரையை இறக்கினான். இரண்டடிக்குக் கீழே டங்கென்று நின்றது. சற்றுத் தள்ளி இறக்கினான். மறுபடி டங். அம்மி மண்ணுக்குள் எவ்வளவு தூரம் படுத்திருந்தது என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை.

"வேற இடம் பாருங்க சார்" என்றார் மேஸ்திரி.

"மற்றதெல்லாம் ஒரு அடி அரையடி பார்க்கலாம். இதை ஏலாது. அந்தப் பக்கத்து லைன் இஞ்சைதான் வாய்க்காலைத் தாண்டும். இது இல்லையெண்டா மிச்சப் பதின்மூன்றும் வெறும் மரம்."

எல்லோரும் அக்காவைப் பார்க்காமல் இருக்க முயன்றோம். கம்பம் நட்டாலும் மின்சாரம் வர ஆறு வாரம் ஆகும். கல்லை எடுத்துவிட்டால் ஆறு வாரம் அவர் எதில் அரைப்பார்? ஆறு நாள் மசாலா போகாவிட்டாலே தேக்கா கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். பிறகு அந்த மெஷின் யாருக்காக ஓடும்? கம்போங்கின் வெளிச்சமும் அவருடைய பிழைப்பும் அந்த ஒரு குழிக்குள் கிடந்தன.

அக்கா ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அம்மியைக் கழுவினார். தினம் வேலை முடிந்ததும் அப்படித்தான் கழுவுவார்.

"தம்பி, எது நகரும்னு என்னை மட்டும் ஒருத்தரும் கேக்கலையே" என்றார்.

நான் கையிலிருந்த நாடாவைச் சுருட்டினேன்.

"கேளு."

"எது நகரும் அக்கா?"

"கல்லுதான்" என்றார். "இது நகராதுன்னு இத்தனை வருசமா நான்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

எட்டுப் பேர் இரண்டு மணி நேரம் தோண்டினோம். கயிறு கட்டி, மூங்கில் கொடுத்துத் தூக்கினோம். பாதி வெளியே வந்தபோது ஒரு மூங்கில் ஒடிந்தது. கல் புரண்டு விழுந்து, சரியாக நடுவில் இரண்டாகப் பிளந்தது. மேஸ்திரி தலைத்துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். அக்கா குனிந்து, பிளந்த இடத்தை இடது கையால் தடவிப் பார்த்தார். "உள்ள இவ்வளவு வெள்ளையா இருக்கு" என்றார். 

மறுநாள் நான்கு மணிக்கு நான் விழித்தது சத்தம் கேட்காததால். அந்த நேரத்துக்கு அம்மி ஓசை இல்லாத கம்போங்கை நான் அறிந்ததில்லை. படுத்தே கிடந்தேன். பிறகு மேஸ்திரி வீட்டுப் பக்கமிருந்து ஒரு சின்ன அம்மி உருளும் சத்தம். அடுத்து நானா வீட்டிலிருந்து. அடுத்து பப்பாளி மரத்துப் பக்கம், குழாய்ச் சண்டைக்காரியின் வீட்டிலிருந்து. ஆ பெக்கின் மனைவி கல்லுரலில் டொக் டொக்கென்று இடித்தாள். முப்பத்தொரு வீட்டிலும் விளக்கு எரிந்தது. வீட்டுக்கு இரண்டு ராத்தல் என்று மேஸ்திரியின் மனைவி முந்தின மாலையே பங்கு பிரித்துக் கொடுத்திருந்தாள். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை.

ஐந்தரை மணிக்கு அக்கா ஒரு கரண்டியோடு வீடு வீடாக வந்தார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோது திட்டிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி வீட்டு மசாலா தண்ணி. ஊத்தி வளத்துருக்கீங்க. நானா வீட்டுது கொரகொரன்னு இருக்கு, இன்னும் நாலு இழுப்பு இழுக்கச் சொல்லுங்க. இது யாரு அரைச்சது?"

"நான்தான்" என்றேன்.

"கிளார்க்கு மசாலாவா? ரொம்ப நைஸு. நாடா வச்சு அளந்து அரைச்ச மாதிரி."

அன்றைய நாட்குறிப்பை வலது கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். கையை நன்றாகக் கழுவியதாகத்தான் நினைத்தேன்.

ஆறு வாரமும் தேக்காவுக்கு ஒரு டின் குறையவில்லை. கடைக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. ஒருவர் மட்டும், மசாலா இப்போது தினம் ஒரு ருசியாக இருக்கிறது, நன்றாக விற்கிறது என்று சொன்னாராம்.

மின்சாரம் வந்தது ஒரு புதன்கிழமை, சாயங்காலம் ஆறே முக்கால் மணிக்கு. முதல் சுவிட்சை மேஸ்திரி போட வேண்டும் என்று ஏற்பாடு. அவர் மறுத்துவிட்டு எல்லோரையும் அக்காவின் வீட்டுக்கு அழைத்து வந்தார். எட்டு மாதச் சாக்கு விலகியது. அக்கா மிளகாயை அள்ளிப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். வலது கையால் சுவிட்சைத் தட்டினார். பெல்ட் துடித்தது, மெஷின் உறுமியது, மிளகாய் சிவந்து கூழாகி இறங்கத் தொடங்கியது. அதே நேரம் வாய்க்காலிலிருந்து கடைசி வீடு வரை பதினான்கு கம்பங்களிலும் விளக்கு எரிந்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மெஷின் சத்தம் கேட்கவில்லை.

நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெஷினுக்கு முன்னால் சும்மா நின்றார். அவருடைய வலது கை மட்டும் காற்றில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது, குழவியைப் பிடித்திருப்பது போல. அவருக்கே அது சற்று நேரம் தெரியவில்லை. தெரிந்ததும் இடது கையால் அதைப் பிடித்து நிறுத்தினார்.

"போதும், நீ உக்காரு" என்று கையிடம் சொன்னார்.

மேஸ்திரி மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு நொடிகூட முழிக்கவில்லை. கம்பத்து விளக்கு புது வாசலில் நேராக விழுந்தது. அக்காவின் தோள் அந்த டாக்டர் சொன்ன ஒரு வருடத்தையும் தாண்டி, அதற்குப் பிறகும் பல வருடம் தாங்கியது.

அறுபதுகள் முடியும் சமயத்தில் அரசாங்கம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. எங்களுக்குத் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு. கடைசிக் கூட்டத்திலும் எல்லோர் கண்ணும் அக்கா பக்கமே போயிற்று. "என்னைப் பாக்காதீங்க. இந்தத் தடவை எது நகரும்னு உங்களுக்கே தெரியும்" என்றார். குடிபோகும் நாளில் லாரியின் மேல், மெத்தைக்கு நடுவில், அவர் கணவர் தூங்கியபடியே வந்து சேர்ந்தார்.

அக்காவுக்கு ஒன்பதாவது மாடி. எல்லாச் சாமான்களும் போன பிறகு, உடைந்த அம்மியின் ஒரு பாதி கீழே கைவண்டியில் நின்றது. கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். அதை நானும் ஆ பெக்கும் லிஃப்டுக்குள் தள்ளினோம். அதற்கே எங்களுக்கு மூச்சு வாங்கியது. ஆ பெக் வெளியே நின்றுவிட்டார். அவர் எந்த இரும்புப் பெட்டிக்குள்ளும் ஏற மாட்டார்.

அக்கா உள்ளே வந்து, வலது கை ஆட்காட்டி விரலால் ஒன்பதை அழுத்தினார். லிஃப்ட் கிளம்பியது. அவர் கல்லைப் பார்த்தார். கதவுக்கு மேலே எண்கள் மாறுவதைப் பார்த்தார்.

"தம்பி, நீ நகருறியா?"

"இல்லக்கா."

"நானும் நகரல" என்றார். மூக்கைத் தோளில் தேய்த்துக்கொண்டார். முகம் முழுவதும் சிரிப்பு. "எட்டுப் பேரு தூக்குன கல்லு. பாரு, அது பாட்டுக்குப் போகுது."

ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் நின்றது. நான் கதவைத் தள்ளுவதற்குக் கையை நீட்டினேன். அதற்குள் அது திறந்துகொண்டது.

"கதவும் தானா நகருதுலா" என்று சொல்லிவிட்டு, அக்கா எனக்கு முன்னால் வெளிச்சத்துக்குள் நடந்தார்.